சின்தசைசரைப் போடும்போதும் அணைக்கும்போதும் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று அடிக்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைக் கண்டறியும் முறை

சின்தசைசரின் ஸ்விட்சைத் தட்டியதும் ஸ்பீக்கர் ‘டப்’பென்று அதிர்ந்தால், பெரும்பாலானோர் முதலில் வீட்டு மின்சாரத்தைத்தான் பழிக்கிறார்கள். மறுநாளே கடைக்குப் போய் ஸ்பைக் கார்டு வைத்த எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்றை வாங்கி வருகிறார்கள். ஓசை மட்டும் குறைவதில்லை. காரணம் எளிது: அந்த ஓசை அனேகமாகச் சுவரிலிருந்து வருவதே இல்லை. கருவிக்குள் இருக்கும் மின்னழுத்தங்கள் எழுந்து நிலைகொள்ளும் அந்த அரை நொடியில், அதன் வெளியீட்டுச் சுற்று ஒரு பக்கமாகச் சாய்ந்து, சில வோல்ட் அளவுள்ள ஒரு தள்ளலைக் கேபிள் வழியே அனுப்பிவிடுகிறது. மிக்சரும் ஆம்ப்ளிஃபையரும் அதைப் பாட்டென்றே நினைத்துப் பெருக்குகின்றன.

ஒற்றை 9 வோல்ட் அடாப்டரில் ஓடும் சிறிய கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதனுள் ஒலிச் சைகை 0 வோல்ட்டைச் சுற்றி ஆடாமல், பாதியான 4.5 வோல்ட்டைச் சுற்றி ஆடும்படி அமைத்திருப்பார்கள். அந்த 4.5 வோல்ட் வெளியே போகாமல் மறிப்பதற்காக வெளியீட்டில் ஒரு கெப்பாசிட்டர் (மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் பாகம்) இருக்கும். ஆனால் கருவியைப் போடும் கணத்தில் அந்தக் கெப்பாசிட்டர் காலியாக இருப்பதால், நிரம்பும் வரை எதையும் மறிக்காமல் அந்த ஏற்றத்தை அப்படியே கடத்திவிடுகிறது. 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 10 கிலோ ஓம் உள்ளீட்டு மின்தடையும் சேர்ந்தால் காலமாறிலி, அதாவது கெப்பாசிட்டர் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிரம்ப ஆகும் நேரம், 0.1 நொடி. தொழில்முறைச் சாதனங்களின் வழக்கமான லைன் அளவு 1.23 வோல்ட் என்பதோடு இந்த 4.5 வோல்ட் ஏற்றத்தை ஒப்பிட்டால், வூஃபரின் கூம்பு ஏன் கண்ணுக்குத் தெரியும்படி முன்னே துள்ளுகிறது என்பது விளங்கும். +12, −12 அல்லது +15, −15 என இரட்டை மின்வழங்கல் கொண்ட பெரிய கருவிகளில் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் எழுந்து ஒரே வேகத்தில் விழுந்தால் தொல்லை குறைவு. ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால், ஆப்-ஆம்ப் (ஒலிச் சைகையைப் பெருக்கும் சிறு சிப்) முந்திய பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது.

கீழே சொல்லும் சோதனைகளைச் செய்யும்போது ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஸ்பீக்கருக்கு வேறு கூம்பு வாங்கிவிடலாம்.

முதலில் வரிசையைச் சரிசெய்யுங்கள்

போடும்போது கருவிகள் முதலில், பிறகு எஃபெக்ட் பெட்டிகள், பிறகு மிக்சர், கடைசியாக ஆம்ப்ளிஃபையர் அல்லது பவர்டு ஸ்பீக்கர் என்று போக வேண்டும். அணைக்கும்போது ஸ்பீக்கரில் தொடங்கி அப்படியே பின்னோக்கி வர வேண்டும். இதைக் கிட்டத்தட்ட எல்லாரும் கேள்விப்பட்டிருப்பார்கள். பலர் தவறவிடுவது இடைவெளியைத்தான். ஆம்ப்ளிஃபையரை அணைத்த பிறகும் அதன் பெரிய கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும் மின்னேற்றத்தில் அது சில நொடிகள் உயிரோடுதான் இருக்கிறது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அணைத்துப் பார்த்தால் ஒலி உடனே நிற்காமல் மெல்லத் தேய்வதைப் பல ஆம்ப்ளிஃபையர்களில் கேட்கலாம். அந்தத் தேய்வு முடிவதற்குள் சின்தசைசரை அணைத்தால், சரியான வரிசையைப் பின்பற்றியும் ‘தொம்’ வந்தே தீரும். பத்து நொடி பொறுப்பது நல்லது.

எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகி, அதன் ஒற்றைச் சிவப்பு ஸ்விட்சால் போட்டு அணைக்கும் பழக்கம்தான் வீட்டு ஸ்டுடியோக்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு. கருவிகளுக்கு ஒரு போர்டு, ஸ்பீக்கருக்குத் தனியாக ஒரு போர்டு என்று பிரித்து, அவற்றின் மேல் ‘1’, ‘2’ என்று எழுதி ஒட்டினால், வேறு யாராவது வந்து போட்டாலும் குழப்பம் வராது. வரிசைப்படி தாமதித்து மின்சாரம் கொடுக்கும் பவர் சீக்வென்சர் பெட்டிகளும் விற்கின்றன. மேடை ரேக்குக்கு அது தகும். இரண்டு கீபோர்டுக்கும் ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கும் அந்தச் செலவு தேவையில்லை.

வரிசை சரியான பிறகும் ஓசை வருகிறது என்றால், அல்லது நிகழ்ச்சியின் நடுவே ஒரு கருவியை மட்டும் அணைத்துப் போட வேண்டிய கட்டாயம் இருந்தால், இனி வருவது உங்களுக்கு.

ஓசை எப்படி இருக்கிறது?

சற்று நேரம் ஒதுக்கி அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். அடிவயிற்றில் உணரும்படி ‘தொம்’ என்று கனமாக வந்தால் அது மேலே சொன்ன தள்ளல்; இதை டிசி (ஒரே திசை மின்னழுத்த) தள்ளல் என்பார்கள். கருவியின் வெளியீட்டையோ ஆம்ப்ளிஃபையரையோ சந்தேகியுங்கள். ட்வீட்டரிலிருந்து ‘டிக்’, ‘பட்’ என்று கூராக வந்தால் அது ஏதோ ஒரு ஸ்விட்சின் தொடுமுனையில் தெறிக்கும் தீப்பொறி. ‘கரகர’வென்று இழுத்தால் ஜாக்கோ வால்யூம் கண்ட்ரோலோ அழுக்கடைந்திருக்கிறது, அது இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே.

அடுத்து, மிக்சரின் எல்லாச் சேனல்களையும் மியூட் செய்துவிட்டு, ஒவ்வொரு கருவியாகப் போட்டு அணைத்துப் பாருங்கள். மியூட் செய்தும் ஓசை கேட்டால் அது கேபிள் வழியாக வரவில்லை. எர்த் வழியாகவோ மின்கம்பி வழியாகவோ வருகிறது. மியூட் செய்ததும் நின்றுவிட்டால், ஒரு நேரத்தில் ஒரு சேனலை மட்டும் திறந்து குற்றவாளியைப் பிடித்துவிடலாம். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் பெட்டியைத் திறப்பவர்கள் பாதி நாளை வீணாக்குகிறார்கள்.

அறிகுறி: கருவியின் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் ‘தொம்’ வருகிறது

இது பலரைக் குழப்பும் அறிகுறி. பல கருவிகளில் வால்யூம் கண்ட்ரோலுக்குப் பிறகு ஒரு வெளியீட்டு ஆப்-ஆம்ப் இருக்கிறது. ஓசையை உண்டாக்குவதே அதுதான். இன்னும் சில டிஜிட்டல் கருவிகளில் வால்யூம் கண்ட்ரோல் வழியாக ஒலியே ஓடுவதில்லை. அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் படித்து பிராசஸர்தான் ஒலியைக் குறைக்கிறது. ஆகவே கருவியின் வால்யூமைக் குறைப்பது இந்த நோய்க்கு மருந்தாகாது. மிக்சரின் ஃபேடரை (மேலும் கீழும் நகர்த்தும் வால்யூம் கட்டுப்பாட்டை) இறக்குவதோ மியூட் பொத்தானை அழுத்துவதோதான் பயன் தரும்.

வால்யூமைக் குறைத்ததும் ஓசையும் குறைந்தால், அது வெளியீட்டுக்கு முந்தைய சுற்றுகளில் பிறக்கிறது என்று பொருள். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பழுது பார்ப்பவருக்கு இந்த ஒரு தகவல் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

அறிகுறி: முன்பு இல்லாத ‘தொம்’ இப்போது வருகிறது, அதுவும் அணைக்கும்போது அதிகமாக

நல்ல கீபோர்டுகள் பலவற்றில் இந்த ஓசையைத் தடுப்பதற்கென்றே ஒரு மியூட் சுற்று உள்ளது. வெளியீட்டுக் கம்பிக்கும் கிரவுண்டுக்கும் (சுற்றின் 0 வோல்ட் இணைப்பு) இடையே ஒரு டிரான்சிஸ்டரையோ ரிலேயையோ (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) வைத்து, கருவியைப் போட்ட முதல் ஓரிரு நொடிகளுக்கும் அணைத்த கணத்திலும் வெளியீட்டைக் கிரவுண்டோடு இணைத்துவிடுவார்கள். தோஷிபா நிறுவனத்தின் 2எஸ்சி2878 போன்ற டிரான்சிஸ்டர்கள் இந்த வேலைக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. சாதாரண டிரான்சிஸ்டர் தலைகீழ்த் திசையில் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது; இவை இரு திசையிலும் நன்றாகக் கடத்துவதால், ஒலி அலையின் மேல் பாதியையும் கீழ் பாதியையும் ஒருசேர அடக்குகின்றன.

இந்தச் சுற்றுக்குத் ‘தாமதி’ என்று சொல்வது ஒரு சிறிய எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். அது ஆண்டுக்கணக்கில் வெப்பத்தில் இருந்து உலர்ந்துபோனால் தாமதம் குறைந்து, ஓசை அடங்குவதற்கு முன்பே மியூட் விலகிவிடுகிறது. அதே வயதுடைய மின்வழங்கல் கெப்பாசிட்டர்களில் + பக்கம் ஒன்றும் − பக்கம் ஒன்றும் சமமாக உலர்வதில்லை. அதனால் அணைக்கும்போது ஒரு பக்கம் சட்டென்று விழ, மறுபக்கம் தாமதிக்கிறது. பத்து டிகிரி வெப்பம் கூடினால் இவ்வகைக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது நடைமுறைக் கணக்கு. உறை போட்டு மூடி, காற்றோட்டமில்லாத அறையில் நாள் முழுக்க ஓடும் கருவிக்கு இந்த நோய் சீக்கிரம் வரும்.

இங்கே வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு அளவீடு இருக்கிறது. சின்தசைசரின் வெளியீட்டில் ஒரு கேபிளைச் செருகி, மறுமுனையை எதிலும் செருகாமல் மேசைமேல் வையுங்கள். மல்டிமீட்டரை டிசி 2 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையை பிளக்கின் நுனியிலும் கறுப்பு முனையை அதன் உடலிலும் தொடுங்கள். கருவியைப் போட்டதும் எண் ஏறி இறங்கும். ஒரு நிமிடம் கழித்து அது சில மில்லிவோல்ட்டில் வந்து நின்றால் நலம். ஒருமுறை என்னிடம் வந்த பழைய கீபோர்டு ஒன்றில் அந்த எண் இறங்கவே இல்லை. ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் அசையாமல் நின்றது. அதன் சொந்தக்காரர் மூன்று அடாப்டர் மாற்றிப் பார்த்திருந்தார். வெளியீட்டுக் கெப்பாசிட்டர் கசிந்திருந்தது; அதை மாற்றியதும் மீட்டரில் 3 மில்லிவோல்ட். நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் நிலையாக நின்றால் கெப்பாசிட்டர் கசிகிறது, அல்லது ஆப்-ஆம்ப் பழுதாகியிருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம். மாடுலர் சின்தசைசர்களுக்கு மட்டும் இந்த அளவுகோலைப் பொருத்தக்கூடாது. அவற்றின் கட்டுப்பாட்டு மின்னழுத்த ஜாக்குகளில் 5 வோல்ட்டும் 10 வோல்ட்டும் நிற்பது வடிவமைப்பே தவிரப் பழுதன்று.

புதிய கருவியிலும் அணைக்கும்போது ‘தொம்’ வருகிறதென்றால், நீங்கள் எதைக் கொண்டு அணைக்கிறீர்கள் என்று பாருங்கள். இன்றைய கருவிகள் பலவற்றில் பவர் பொத்தானை அழுத்தினால் மென்பொருள் முதலில் வெளியீட்டை மியூட் செய்து, பிறகுதான் மின்சாரத்தை நிறுத்தும். சுவர் ஸ்விட்சை அணைத்தால் அந்த ஏற்பாடு வேலை செய்ய வாய்ப்பே கிடைக்காது. சேமித்துக்கொண்டிருந்த ஒலியமைப்பும் அப்போது கெட்டுப்போகலாம்.

அறிகுறி: அணைத்து உடனே போட்டால் மட்டும் பெரிதாக அடிக்கிறது

இது பழுதன்று. தாமதச் சுற்றின் கெப்பாசிட்டர் முழுதும் காலியாவதற்குள் மறுபடி மின்சாரம் வந்துவிட்டதால், தாமதம் ஏற்கெனவே முடிந்துவிட்டதாக அது எண்ணிக்கொள்கிறது. பதினைந்து நொடி விட்டுப் போட்டால் போதும்.

அறிகுறி: கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளைச் செருகினால், பிடுங்கினால் அடிக்கிறது

இரண்டு ஊசி அடாப்டரில் ஓடும் கருவிகளில் இது மிகுதி. ஸ்விட்ச்-மோட் அடாப்டர்களுக்குள் குறுக்கீட்டை அடக்குவதற்கென ஒரு சிறு கெப்பாசிட்டர் மின்சாரப் பக்கத்தையும் வெளியீட்டுப் பக்கத்தையும் இணைக்கிறது. எர்த் இல்லாததால், கருவியின் கிரவுண்ட் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியளவுக்கு மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகச் சிறியதாகையால் ஆபத்தில்லை. உலோகப் பாகத்தை வருடினால் விரலில் ஒரு சிலிர்ப்பு மட்டும் தெரியும்.

இப்போது 6.35 மில்லிமீட்டர் பிளக்கை அந்தக் கருவியில் செருகுவதைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். கேபிளின் மறுமுனை ஏற்கெனவே மிக்சரில் இருக்கிறது. பிளக் உள்ளே நுழையும்போது, ஜாக்கின் வாயிலில் இருக்கும் கிரவுண்ட் உலோகத்தை முதலில் தொடுவது பிளக்கின் நுனிதான். மிதந்துகொண்டிருக்கும் அந்தக் கிரவுண்டின் கசிவு முழுவதும் அந்தக் கணத்தில் நுனி வழியாக நேரே மிக்சரின் உள்ளீட்டுக்குள் பாய்கிறது; பிளக்கின் உடல் வந்து சேரும் வரை ‘பர்ர்’, சேர்ந்ததும் ‘டப்’. தீர்வு பழக்கத்தில்தான் இருக்கிறது: கேபிளை முதலில் கருவியில் செருகுங்கள், பிறகு மிக்சரில்; எதுவானாலும் சேனலை மியூட் செய்துவிட்டுச் செருகுங்கள்.

மூன்று ஊசி பிளக் கொண்ட கருவியிலும் இதே ஓசை வருமானால், வெளியீட்டுக் கெப்பாசிட்டருக்குப் பிறகு கிரவுண்டுக்குப் போக வேண்டிய மின்தடை இல்லாமலோ அறுந்தோ இருக்கலாம். கேபிள் இல்லாதபோது அந்தக் கெப்பாசிட்டரின் வெளிமுனை அந்தரத்தில் நிற்கிறது. கேபிள் வந்து சேர்ந்ததும் ஒரேயடியாக நிலைக்கு வருகிறது. 100 கிலோ ஓம் மின்தடை ஒன்றை ஜாக்கிலேயே நுனிக்கும் கிரவுண்டுக்கும் இடையில் பற்றவைத்தால் ஓசை போய்விடும். இந்தக் கட்டுரையிலேயே மலிவான மருந்து இதுதான்.

அறிகுறி: மிக்சரின் 48 வோல்ட் பொத்தானை அழுத்தும்போது

மைக்குகளுக்குக் கேபிள் வழியே மின்சாரம் தரும் ஃபேண்டம் பவர் 6.8 கிலோ ஓம் மின்தடைகள் வழியாகச் சேனலின் இரு கம்பிகளிலும் ஏறும்போது, அங்கிருக்கும் கெப்பாசிட்டர்கள் 48 வோல்ட் வரை நிரம்புகின்றன. ஃபேடர் ஏறியிருந்தால் அந்த நிரம்பல் முழுவதும் கேட்கும். சில மிக்சர்களில் ஒரே பொத்தான் எல்லா மைக் உள்ளீடுகளுக்கும் 48 வோல்ட்டை ஏற்றிவிடும் என்பதையும், கீபோர்டின் எக்ஸ்எல்ஆர் வெளியீட்டை அந்த உள்ளீட்டில் நேரடியாகச் செருகினால் ஓசையோடு நில்லாமல் வெளியீட்டுச் சுற்றே கெட்டுப்போகக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். கீபோர்டை லைன் உள்ளீட்டிலோ, கருவியின் சைகையை மைக் உள்ளீட்டுக்கு ஏற்றபடி மாற்றித்தரும் டிஐ பெட்டி வழியாகவோ கொடுங்கள்.

அறிகுறி: சின்தசைசரைத் தொடவே இல்லை; ஃப்ரிட்ஜ் நின்றாலும் ஃபேனை அணைத்தாலும் ‘டிக்’ என்கிறது

இங்கேதான் வீட்டு மின்சாரத்தைப் பழிப்பதில் நியாயம் இருக்கிறது. மோட்டார், சோக் போன்ற சுருள் கொண்ட சாதனங்களை அணைக்கும்போது ஸ்விட்சின் முனைகளுக்கிடையே பொறி பறக்கிறது. அதிலிருந்து எழும் அதிர்வெண் மிகுந்த குறுக்கீட்டை, நீளமான அன்பேலன்ஸ்டு கேபிள் (ஒரே சைகைக் கம்பியும் கிரவுண்டும் மட்டும் உள்ளது) ஆண்டெனாபோல வாங்கிக்கொள்கிறது. கேபிளைச் சுருக்குவது, மின்கம்பியோடு சேர்த்துக் கட்டாமல் பிரித்து ஓடவிடுவது, டிஐ பெட்டி வைத்து பேலன்ஸ்டாக (குறுக்கீட்டை ரத்துசெய்யும் இரு சைகைக் கம்பி முறைக்கு) மாற்றுவது என்ற வரிசையில் முயலுங்கள். பொறியைப் பிறக்கும் இடத்திலேயே அடக்க வேண்டுமானால், 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டரும் 100 ஓம் மின்தடையும் தொடராகச் சேர்ந்த ஸ்பார்க் குவென்ச்சரை அந்த ஸ்விட்சின் குறுக்கே எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கொண்டு பொருத்தலாம். ஆனால் அதன் பிறகு ஸ்விட்ச் அணைந்திருக்கும்போதும் சுமார் 7 மில்லியாம்பியர் ஓடிக்கொண்டிருக்கும். எல்இடி விளக்குள்ள இணைப்பில் வைத்தால் விளக்கு மினுக்கும்.

எர்த் ஊசியை வெட்டிவிட்டால் ஓசை போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சில நேரங்களில் உண்மையாகவே போய்விடும். கூடவே உங்கள் பாதுகாப்பும் போய்விடும்.

அறிகுறி: கரண்ட் போய் வரும்போது பெரிய அடி

மின்வெட்டுக்குப் பிறகு எல்லாச் சாதனங்களும் ஒரே கணத்தில் உயிர்பெறுவதால், நீங்கள் கட்டிக்காத்த வரிசை அத்தனையும் வீணாகிறது. கரண்ட் போனதுமே ஸ்பீக்கர் போர்டை அணைப்பது ஒரு வழி. இருட்டில் அது நினைவுக்கு வருவதில்லை. கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரை நினைத்துப் பாருங்கள்: கரண்ட் போனால் அது விழுந்துவிடும், திரும்பி வந்தாலும் யாராவது பச்சைப் பொத்தானை அழுத்தும் வரை மோட்டார் ஓடாது. அதே முறையில் ஒரு சிறிய காண்டாக்டரை ஸ்பீக்கர் இணைப்பில் எலெக்ட்ரீஷியனைக் கொண்டு போடச் சொன்னால், இந்தத் தொல்லை அடியோடு தீரும்.

அறிகுறி: எல்லாக் கேபிளையும் பிடுங்கிய பிறகும் ஸ்பீக்கர் அடிக்கிறது

அப்படியானால் சின்தசைசர் நிரபராதி. ஆம்ப்ளிஃபையர்களில் போட்ட சில நொடிகள் கழித்து ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே ஒன்று இருப்பதுண்டு. என்இசி நிறுவனத்தின் யுபிசி1237 என்ற ஐசி நெடுங்காலமாக இந்த வேலையைச் செய்துவந்திருக்கிறது. பெட்டிக்குள் கேட்கும் ‘கிளிக்’ அந்த ரிலேயின் குரல்தான். அது கேட்பது நல்ல அறிகுறி. முன்பு கேட்ட ‘கிளிக்’ இப்போது கேட்காமல், போட்டவுடனே ‘தொம்’ வந்தால், ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அந்த நிலையில் அதைப் பயன்படுத்த வேண்டாம்; ஆம்ப்ளிஃபையரில் பழுது நேர்ந்தால் டிசி நேரே வூஃபரின் சுருளில் ஏறி எரித்துவிடும்.

கருவிக்குள்ளேயே மியூட் ரிலே வைப்பது

பிறவியிலேயே மியூட் சுற்று இல்லாத கருவிக்கு, அடுத்து வேறு வழியில்லை என்றால் ஒரு ரிலே வைக்கலாம். மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்கும் தொடுமுனை வெளியீட்டைக் கிரவுண்டோடு இணைக்க வேண்டும். போட்டு மூன்று நொடி கழித்து ரிலே இழுத்து அந்த இணைப்பை விடுவிக்க வேண்டும். ஆப்-ஆம்பை நேரடியாகக் கிரவுண்டில் தட்டாதபடி இடையே சில நூறு ஓம் மின்தடை அவசியம்.

இதைச் செய்பவர்கள் பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்றுண்டு. ரிலேக்கான மின்சாரத்தை அவர்கள் ஒலிச் சுற்றுக்கு மின்னழுத்தத்தை நிலைநிறுத்தித் தரும் அதே ரெகுலேட்டரின் வெளியீட்டிலிருந்தே எடுக்கிறார்கள். அணைக்கும்போது அங்கே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் ரிலேயையும் பிடித்து வைத்திருப்பதால், ஓசை வெளியேறிய பிறகுதான் ரிலே விழுகிறது. போடும்போது அமைதி, அணைக்கும்போது பழைய ‘தொம்’. ரிலேக்கென்று டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தே தனியாக ஒரு டயோடும் மிகச் சிறிய கெப்பாசிட்டரும் வைத்தால், மின்சாரம் நின்றதும் முதலில் விழுவது ரிலேயாக இருக்கும். பெட்டியைத் திறக்கும் வேலை என்பதால், 230 வோல்ட் பகுதியில் கைவைத்துப் பழக்கமில்லாதவர்கள் இதைத் தொழில் தெரிந்தவரிடம் விட வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்வழங்கல் கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

கொடுக்கும்போது ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்: ஓசை போடும்போதா, அணைக்கும்போதா, போட்டு எத்தனை நொடியில், வால்யூமைக் குறைத்தால் குறைகிறதா, மீட்டரில் நின்ற எண் என்ன. திரும்பி வந்த கருவியை முதல்முறை போடும்போது ஸ்பீக்கரோடு இணைக்காமல் மல்டிமீட்டரோடு இணைத்து, அந்தச் சீட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மிக்சரில் செருகுங்கள்.